எதிரி இல்லாத கல்

எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்கள் எல்லோரும் படுத்துக்கொள்வதில்லை. சிலர் நின்றுகொண்டே இருப்பார்கள். பர்கூரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஏரிக்கரையில் ஒருவர், புளியமரத்தடியில் ஒருவர், கம்பங்கொல்லை நடுவில் ஒருவர் என்று கல்லாக நிற்பார்கள். எல்லோருக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்தான், வேடியப்பன். கையில் வில்லோ வாளோ இருக்கும். எப்படிச் செத்தார் என்பதையும் அந்தக் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். உடம்பில் அம்பு தைத்திருந்தால் சண்டையில் செத்தவர். எதிரே புலி நின்றால் புலியோடு மோதியவர். காலடியில் மாடுகள் இருந்தால் மாடு மீட்கப் போனவர். அனா ஆவன்னா படிப்பதற்கு முன்பே இந்தக் கற்களை நான் படித்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி வீட்டு நிலத்தில் சொந்தமாக ஒரு வேடியப்பன் இருந்தார். அதுவும் புலியோடு. அவள் அடித்த பெருமையைக் கேட்டால் அந்தப் புலியே ஓடிப்போயிருக்கும். "எங்க தாத்தாவோட தாத்தா புலியக் குத்துனவரு. உங்க வூட்ல யாராச்சும் எலியாச்சும் குத்தியிருக்காங்களாடி?" என்று கேட்பாள். எனக்குப் பதில் வராது. பதில் வராமல் இருப்பது என் பிறவிக்கே ஒத்துக்கொள்ளாத விஷயம். ஆகவே எங்கள் வீட்டிலும் ஒரு கல் நடப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கல் என் சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் தம்பிக்கு. பெரிய சண்டைக்கு வெள்ளைக்காரன் ஆள் எடுத்தபோது கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பெங்களூரில் ரயிலேறிப் போனவர். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேனாம். போன சில மாதத்தில், செத்துவிட்டார் என்று ஒரு தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்ல ஒரு ஆளும் வரவில்லை. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கிருஷ்ணகிரியில் அணையே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மட்டும் அந்தத் தந்தியோடு நின்றுபோயிருந்தது.

அப்புறம் ஏன் இத்தனை காலம் கழித்துக் கல் என்றால், மாடுகளால். அந்த வருஷம் எங்கள் கொட்டகையில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பெரியப்பா கோடாங்கிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் உடுக்கை அடித்துக் குறி பார்த்து, "உங்க வூட்டு ஆம்பள ஒருத்தன் நிக்க எடமில்லாம சுத்திக்கினு கெடக்கான். மொதல்ல அவன நிக்க வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். நிற்க வைப்பது என்றால் எங்கள் ஊரில் கல்தான், வேறு வழி கிடையாது.

பெரியப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் ஊருக்குள் அவரை விட வேடியப்பன் வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை. இப்போது அவருக்கும் ஒரு வேடியப்பன் வரப்போகிறார். அதுவும் கப்பலேறிப் போய்ச் செத்த வேடியப்பன். "புலியெல்லாம் ஒரு எதிரியாடா? என் தம்பி ஜப்பான்காரன்கிட்ட மோதுனவன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அதை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

இதில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் சின்னம்மா. சித்தப்பாவின் மனைவி.

சின்னம்மாவுக்கு உட்காரத் தெரியாது. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவாள். கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கடி போய்த் திரும்பி வந்து அதையே இன்னொரு தரம் கழுவுவாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகும் அவள் வளையல் சத்தம் எங்கேயாவது கேட்டுக்கொண்டிருக்கும். ஆமாம், வளையல் போட்டிருந்தாள். பூ வைக்கமாட்டாள், ஆனால் பொட்டு உண்டு. கழுத்தில் தாலி உண்டு. தந்தி வந்த அன்று எல்லோரும் அழுதபோது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம்: "பாத்த ஆளு ஒருத்தரு வந்து சொல்லட்டும். அப்புறம் கழட்றேன்." யார் சொல்லியும் கேட்கவில்லை. ஊரில் சும்மா இருப்பார்களா? நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடவும் முடியாமல் கூப்பிடாமல் விடவும் முடியாமல் திண்டாடினார்கள். தண்ணீர்த்துறையில் அவள் தலை தெரிந்தால், "வந்துட்டா பாரு, கட்டுக்கழுத்தி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் காதில் விழாத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

கல் வந்து இறங்கியது. ஆள் உயரத்தில் ஒரு பலகைக் கல். கொல்லையில் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். செதுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கை தேர்ந்த கல்வேலைக்காரர்கள் எல்லோரும் அணை வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார். பக்கத்து ஊரில் அவர் ஒரு சாமி செய்து கொடுத்திருந்தார். அந்தச் சாமிக்குக் கை கால் எல்லாம் குழவி மாதிரியே இருந்தது.

அவர் வந்து கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு, "அரே அண்ணா, எப்பிடிச் செத்தாருன்னு செப்பு. அது தெரியாம உளி வெக்க முடியாது" என்றார்.

"சண்டையில" என்றார் பெரியப்பா.

"சண்டையிலன்னா? கத்தியா, துப்பாக்கியா? எதிரி எந்தப் பக்கம் நிக்கணும்? எத்தினி பேரு?"

பெரியப்பா விழித்தார். விழித்தாலும் அசரமாட்டார். "ரெண்டு பேரப் போடு" என்றார்.

"ஜப்பான்காரன் எப்பிடி இருப்பான்?"

"மீசை இருக்கும்" என்றார் பெரியப்பா. கிருஷ்ணகிரியைத் தாண்டி அவர் பார்த்த ஊர் ஓசூர் ஒன்றுதான்.

கல்வேலைக்காரர் தலையைச் சொறிந்தார். தெரியாமல் ஏதாவது செதுக்கி, அது தப்பாகி, நிற்கவேண்டியவர் நிற்காமல் போய்விட்டால் பாவம் தன் தலையில்தான் விடியும் என்று பயந்தார். உளியை மூட்டையில் போட்டுக்கொண்டு, "விசாரிச்சு வைங்க, வரேன்" என்று கிளம்பிவிட்டார். பெரியப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் புலிக்காரி தினமும், "உங்க ஜப்பான்காரன் வந்துட்டானாடி?" என்று கேட்டு உயிரை வாங்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் பெரியப்பா புது மாடு பிடிக்கக் கல்லாவிச் சந்தைக்குப் போனார். மாடு வாங்கியதும் கயிறு வாங்க வேண்டுமே, சந்தையில் கயிறு விற்கிற ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் கயிறு முறுக்கிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா ஊரைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டதாம். "அந்த ஊர்லருந்து பட்டாளத்துக்கு வந்தாரே ஒரு அண்ணன்…" என்று சொல்லி, "அவரு வூட்டுக்காரம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாராம். பெரியப்பா விடுவாரா? மாட்டை ஒரு கையிலும் அந்த மனிதரை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பட்டாளத்துக்காரர் என்றதும் நான் எதிர்பார்த்தது வேறு. வந்தவர் ஒல்லியாக, தோளில் கயிற்றுச் சுருளோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். சித்தப்பாவோடு ஒரே நாளில் பெயர் கொடுத்து, ஒரே ரயிலில் போனவர். மீசை கூட இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது.

செய்தி பரவி வாசல் நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். கல்வேலைக்காரருக்கும் ஆள் போய் அவரும் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். விசாரணை என்றால், கதையை அவரே சொன்னார், கயிற்றுக்காரர் தலையாட்டினார்.

"காடு தானே அது? பெரிய காடு?"

"ஆமாங்க."

"எதிர்ல ஜப்பான்காரனுங்க. நெறைய பேரு."

"ஆமாங்க."

"என் தம்பி முன்னால நின்னிருப்பான். அவன் குணம் எனக்குத் தெரியும். கையில துப்பாக்கி?"

"துப்பாக்கியும் இருக்கும்… கைக்குண்டும் இருக்கும்ங்க" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கைக்குண்டு! எந்த வேடியப்பன் கையிலும் இல்லாதது! கல்வேலைக்காரர், "அது எப்பிடி இருக்கும்? வட்டமா?" என்று கேட்டுக்கொண்டு தரையில் குச்சியால் போட்டுப் பார்த்தார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. புலிக்காரியின் முகம் நாளைக்கு எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. ஆண்கள் கூடியிருக்கும்போது அவள் குரல் வெளியே வந்து நான் கேட்டதில்லை.

"கடைசியா இன்னா சாப்ட்டாரு?"

பெரியப்பா திரும்பி முறைத்தார். சண்டையைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டுப் பேச்சா! ஆனால் கயிற்றுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அதுவரை தலையாட்டியவர், இதற்கு மட்டும் வாய் திறந்து பதில் சொன்னார்.

"ரொட்டியும் டீயும் அண்ணி. காலையில. எனக்குப் பயத்துல ஒண்ணும் எறங்கல. என் ரொட்டிய நாய்க்குப் போட்டுட்டேன். அப்புறமா எனக்குப் பசிச்சிது. அண்ணன் அவரோடதுல பாதி பிச்சுக் குடுத்தாரு."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கூட இல்லை. பெரியப்பா, "சரி சரி, குண்டு எப்பிடிப் போட்டான், அதச் சொல்லு" என்று அவசரப்பட்டார்.

கயிற்றுக்காரருக்குச் சொல்ல வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் விளாமரம் இருந்தது. ஓடிப்போய், கீழே கிடந்ததில் நல்ல உருண்டையான விளாம்பழம் ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். "வாயால சொல்ல வரலன்னா போட்டுக் காட்டுங்க!" என்றேன். கூட்டம் சிரித்தது. "இவ வாயப் பாரேன்" என்று அம்மா உள்ளேயிருந்து திட்டினாள். கல்வேலைக்காரர் மட்டும், "காட்டுப்பா, கை எப்பிடி வளையுதுன்னு நானும் பாக்கணும்" என்றார்.

விளாம்பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கனத்தைப் பார்த்தாரா, என்ன பார்த்தாரோ, நெற்றியில் வேர்வை கொட்டியது. கையைப் பின்னால் கொண்டுபோனார். பழம் நழுவி அவர் காலடியிலேயே விழுந்து உருண்டது.

"அண்ணே! உளுந்துடுச்சு!" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், கொட்டகையில் புது மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அடுத்த நொடி அவர் மண்ணில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாசலே சிரித்தது. விளாம்பழத்துக்குப் பயந்த பட்டாளத்துக்காரர்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெரியப்பாவுக்குத்தான் மானம் போய்விட்டது. "எழுந்திருய்யா, எழுந்திரு" என்று பல்லைக் கடித்தார்.

சின்னம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நேராக நடந்துவந்து அவர் பக்கத்தில் குந்தினாள். "எழுந்திருங்க தம்பி. ஒண்ணும் வெடிக்கல. பழம்தான்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மாடு கயித்த அறுத்துக்கப் போவுது. இவருதான் கட்டத் தெரிஞ்சவரு" என்று சொல்லி அவரைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள். என்னைப் பார்த்து, "தண்ணி மொண்டுக்கினு வாடி" என்றாள்.

சொம்பில் தண்ணீரோடு நான் போனபோது அவர் மாட்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. சின்னம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசையாமல் நின்றாள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

"காடு இல்லயே?" என்றாள்.

"இல்ல அண்ணி. பெரியவரு ஆசையாக் கேட்டாரு, இல்லன்னு சொல்ல வாய் வரல." மூக்கை உறிஞ்சினார். "சண்டைய நாங்க பாக்கவே இல்ல. கப்பலயும் பாக்கல. பழக்குற எடத்துலயே முடிஞ்சிபோச்சு. மணல் மூட்ட அடுக்கி வச்சி, அதுக்குள்ளாற நின்னு குண்டு போடச் சொல்வாங்க. குண்டுல மாட்டியிருக்கற பின்ன உருவணும், வீசணும், குனிஞ்சிக்கணும். அவ்ளோதான் வேல. என் முறை வந்துச்சு. கை வேர்த்துப்போச்சு. பின்ன உருவிட்டேன். வீசறதுக்குள்ள நழுவிக் காலடியில உளுந்துடுச்சு."

அவர் மாட்டுக் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"ஓடத் தெரியல அண்ணி. அப்பிடியே நின்னுட்டேன். அண்ணன் எனக்கு அடுத்து நின்னவரு. அவரு ஓடியிருக்கலாம். ஓடல. என்னத் தூக்கி மூட்டைக்கு அந்தாண்ட தள்ளுனாரு. அவரு தாண்டறதுக்குள்ள…"

"உடனேவா?"

"உடனே."

"யாரையாச்சும் கூப்ட்டாரா?"

அவர் யோசித்தார். பொய் சொல்வதாக இருந்தால் இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், சின்னம்மாவும் அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்று இன்று எனக்குத் தெரியும். "இல்ல அண்ணி" என்றார். "'போடா'ன்னாரு. அது ஒண்ணுதான்."

மாடு வாலை வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சின்னம்மா என் கையிலிருந்து சொம்பை வாங்கி அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சந்தையிலருந்து ஒண்ணும் சாப்புடாமத்தான் வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், அந்த நேரத்தில் உலை வைத்து, கேழ்வரகுக் களி கிண்டினாள். கொள்ளுக் குழம்பு ஊற்றினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டார். அவள் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இந்த ஆள்தான் சித்தப்பாவைக் கொன்றவர்! இவரால்தான் ஜப்பான்காரனும் இல்லை, காடும் இல்லை, கைக்குண்டோடு நிற்கும் வேடியப்பனும் இல்லை! இவருக்குச் சுடச்சுடக் களியா? அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார். கல் நடுகிற நாளுக்கு வடக்கயிறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு நான் பட்ட அவஸ்தை இருக்கிறதே! கொட்டகையில் கேட்டதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சின்னம்மா என்னிடம் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. அதனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியப்பா பக்கத்தில் போய் நிற்பேன். "இன்னாடி?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று ஓடிவந்துவிடுவேன். அவருக்குத் தெரிந்தால் கல்லாவிக்கே போய் அந்த மனிதரை அடித்துத் துவைத்துவிடுவார். கல்லையும் புரட்டித் தள்ளி அதில் துணி துவைக்கச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் புலிக்காரி கேட்டதற்கு, "எங்க சித்தப்பாவுக்குக் குண்டு" என்று மட்டும் சொன்னேன்.

சின்னம்மாவோ அடுத்த நாளே, செதுக்க வந்திருந்த கல்வேலைக்காரரிடம் போய்விட்டாள். பெரியப்பா சலவைக்காரர் வீட்டுப் பஞ்சாயத்துக்குப் போயிருந்த நேரம். வேப்பமரத்தடியில் நின்று, கையால் காற்றில் எதையோ தள்ளிக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார், தானும் அதேபோலத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் ஓய்வில்லாமல் உளிச் சத்தம் கேட்டது. பெரியப்பா வந்தால் கல் மேல் கோணி மூடியிருக்கும். "முடிக்கறதுக்கு முன்ன பாத்தா ஆவாது அண்ணா" என்பார் அவர்.

முடிந்தது. கோணியை எடுத்தார்கள். வீட்டார் எல்லோரும், அக்கம்பக்கத்தாரும் நின்றிருந்தோம்.

கல்லில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர். பெரியவரின் கைகள் இரண்டும் சின்னவரின் முதுகில் இருந்தன. வில் இல்லை, வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. முகம் இரண்டும் ஆட்டுக்கல் மாதிரி மொழுமொழுவென்று இருந்தாலும், அந்தக் கைகளை மட்டும் எப்படியோ நன்றாகச் செய்துவிட்டிருந்தார்.

பெரியப்பா முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்தார். "எதிரி எங்க?" என்றார்.

கல்வேலைக்காரர் சின்னம்மாவைப் பார்த்தார்.

"எதிரி இல்ல" என்றாள் சின்னம்மா. "அவரு சண்டைக்கே போவல மாமா. பழக்குற எடத்துல குண்டு தவறி உளுந்துடுச்சு. கூட நின்ன ஒருத்தரத் தள்ளிவுட்டுட்டு இவரு செத்தாரு."

"பழகறப்ப செத்தானா?" பெரியப்பாவின் குரல் கிறீச்சிட்டது. "சண்டையே போடாம செத்தவனுக்குக் கல்லா? ஊரு கை கொட்டிச் சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். இத்தினி வருசமா என்னப் பாத்துச் சிரிக்கலியா?"

"யாரு சொன்னது இத? அந்தக் கயித்துக்காரனா? தவற வுட்டவன் யாரு? பேரச் சொல்லு, நான் போய்க் கேக்கறேன்."

சின்னம்மா, "பேரு தெரியாது" என்றாள். பொய்! சின்னம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதோ சொல்லிவிடலாம், என் நேரம் வந்துவிட்டது என்று வாயைத் திறந்துகொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

கழுத்து வெறுமையாக இருந்தது.

கையிலும் வளையல் இல்லை. நெற்றியில் பொட்டு இல்லை. எப்போது கழற்றினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, யார் மடியிலும் விழுந்து அழவில்லை. திறந்த வாய் அப்படியே இருந்தது, எனக்குச் சொல்லவந்தது மறந்துவிட்டது. என் பார்வை போன இடத்தை அம்மா பார்த்தாள். "அடிப்பாவி…" என்று ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் பெரியப்பாவும் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அந்தக் கல்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி செத்ததற்கு அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். கல்லைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சும் எழவில்லை.

ஏரிக்கரைக்குப் போகிற வழியில் எங்கள் நிலத்து ஓரத்தில் குழி தோண்டி, நல்ல நாள் பார்த்து நட்டார்கள். கயிற்றுக்காரர் சொன்னபடி வடக்கயிறோடு வந்தார். சின்னம்மாவின் கழுத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். கல்லை நிமிர்த்தும்போது குழிக்குள் இறங்கி நின்று தோள் கொடுத்தவர் அவர்தான். அதற்கு முன் நவதானியம் போட்டார்கள். சின்னம்மா ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சைப் போட்டாள். உள்ளே இருப்பது மஞ்சள் கிழங்கு என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சீக்கிரமே தேறிவிட்டார். புது மாடு கன்று போட்டது, கொட்டகையில் சாவு நின்றது. எல்லாம் தம்பி நின்ற ராசி என்று சொல்லிக்கொண்டார். கல்லில் இரண்டாவதாக இருப்பது யார் என்று கேட்பவர்களிடம் முதலில், தம்பியிடம் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஜப்பான்காரன் என்றார். கொஞ்ச வருஷம் போனதும், அது தான்தான், சின்ன வயதில் கிணற்றில் விழப்போன தன்னைத் தம்பி காப்பாற்றினான் என்று சொல்ல ஆரம்பித்தார். தம்பி பெரியவராகவும் அண்ணன் சின்னவராகவும் எப்படி இருக்க முடியும் என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. புலிக்காரியிடம் நான் ஜப்பான்காரன் கதையையே சொல்லிவைத்தேன், அவள் நம்பவில்லை.

ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கலன்று கயிற்றுக்காரர் வருவார். எங்கள் மாடுகளுக்கெல்லாம் புதுக் கயிறு கொண்டுவருவார். கல்லைக் கழுவி, எண்ணெய் தடவி, மாலை போட்டுக் கும்பிடுவார். பிறகு தயங்கித் தயங்கி வாசலுக்கு வருவார். சின்னம்மா இலை போட்டுத் தயாராக இருப்பாள். வீட்டு ஆண்களுக்கும் முன்னால் அவருக்குத்தான். ஒரு களி உருண்டை முடிந்ததும் இன்னொரு உருண்டை. அவர் தலையைக் குனிந்துகொண்டே தின்பார், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நகராமல் ஓரிடத்தில் அவள் உட்காருவது வருஷத்தில் அந்த ஒரு வேளைதான்.

கல் நட்டு வந்த முதல் பொங்கலிலேயே நான் அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததே என் வாழ்க்கையில் பெரிய சாதனை. "அந்த ஆளுதான சித்தப்பாவக் கொன்னது? அவருக்கு எதுக்கு ரெண்டாவது உருண்ட?" என்றேன்.

சின்னம்மா களியை உருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, என்னை அதட்டவும் இல்லை.

"உங்க சித்தப்பா வுட்டுட்டுப் போனது இந்த ஒரு உசுருதாண்டி" என்றாள். "எனக்குன்னு புள்ளயா குட்டியா? இது ஒண்ணுதான். அதப் பசியோட அனுப்பச் சொல்றியா?"

எந்த உசுரைச் சொல்கிறாள், எதை விட்டுப் போனார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் உருண்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த களி எனக்குப் போதுமா என்பதுதான் அன்றைக்கு என் கவலையாக இருந்தது.